மருந்தும் மொழியும்

நோயுற்றவன், மருத்துவன், மருந்து, அருகிருந்து உதவுவோன் என மருத்துவம் நான்கு கூறுடையது என்று வள்ளுவர் வகுத்தார். ஆயின், பிறந்த நாட்டை விட்டு வேற்று நாட்டிற் குடிபுகுந்தோர்க்கு இந்நான்கும் ஒருங்கே வாய்த்தும் பயனின்றிப் போதல் உண்டு. லியா லீ என்னும் சிறுமியின் வரலாறு இதனை நன்கு விளக்கும்.

லாவோஸ் நாட்டு மலைகளில் வாழும் இனத்தாருள் மோங் மக்களும் ஒருவர். வியட்நாம் போர்க்காலத்தில் அவர்களுள் பலர் அமெரிக்கர்க்குத் துணைநின்றனர். 1975-ஆம் ஆண்டில் லாவோஸில் ஆட்சி மாறியது. உயிர்க்கு அஞ்சிய மோங் மக்கள் பல்லாயிரவர் மீகாங் ஆற்றைக் கடந்து தாய்லாந்தை அடைந்தனர். அங்கிருந்து அமெரிக்காவிற் குடியேறினோர் பலர். அவ்வாறு கலிபோர்னியாவிலுள்ள மெர்செடு நகரில் வாழ்ந்த ஒரு குடும்பத்தில் 1982-ஆம் ஆண்டில் லியா பிறந்தாள்.

மூன்று திங்கள் நிரம்பிய பொழுது குழந்தைக்கு வலிப்புக் கண்டது. பெற்றோர் அவளை மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றனர். அங்குச் சேருமுன் வலிப்பு நின்றுவிட்டது. நடந்ததை எடுத்துரைக்க அவர்கட்கு ஆங்கிலம் தெரியாது; மோங் மொழி அறிந்தவர் எவரும் அங்கு இலர். இருமலையும் மார்புச் சளியையும் கண்ட மருத்துவர், நுரையீரல் நோய் எனக் கருதி மருந்து கொடுத்தனுப்பினார். சில திங்கள் கழித்து, வலிப்பு நிற்குமுன்னரே அவளைக் கொண்டுசென்ற அன்றுதான் நோய் இன்னதெனத் தெரிந்தது.

மொழியினும் பெரிய தடை ஒன்று இருந்தது. மூளையில் எழும் கோளாறே வலிப்புக்குக் காரணம் என்பது மருத்துவர் கண்ட உண்மை. தமக்கை கதவை அறைந்து சாத்திய ஒலிக்கு அஞ்சி, குழந்தையின் உயிர் உடலை விட்டகன்றது என்பது பெற்றோர் நம்பிக்கை. அவ்வுயிரை மீட்டழைக்க அவர்கள் சடங்குகள் செய்தனர். மருந்துகளோ பல, அவற்றின் அளவோ அடிக்கடி மாறியது, புட்டியின்மேல் எழுதியதைப் படிக்க அவர்களால் இயலவில்லை. மருந்தே குழந்தையை வாட்டுகிறது என எண்ணிச் சிலவற்றை நிறுத்தவும் செய்தனர்.

பெற்றோர் கடமை தவறினர் என மருத்துவர் கருதினார். 1985-ஆம் ஆண்டில் லியா சட்டப்படி வேறொரு குடும்பத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டாள். பல திங்கள் கழித்தே வீடு திரும்பினாள். 1986 நவம்பரில் கொடிய வலிப்பும் கிருமித்தொற்றும் தாக்க, அவள் மூளை பெரிதும் செயலிழந்தது. உணர்விழந்த அவளை 2012-ஆம் ஆண்டில் இறக்குமளவும் குடும்பத்தார் கண்ணெனக் காத்தனர்.

இதில் குற்றம் யாருடையது? மருத்துவர் அவளைக் காக்க அரும்பாடுபட்டனர். பெற்றோர் அவள்பால் உயிரையே வைத்திருந்தனர். இரு திறத்தாரிடத்தும் அன்பு இருந்தது. ஒருவர் உள்ளத்தை ஒருவர் அறிய வழி இல்லை. இவ்வரலாற்றை ஆன் ஃபாடிமன் என்னும் எழுத்தாளர் 1997-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அமெரிக்க மருத்துவ மாணவர் பலர் அதனைப் பயின்று வருகின்றனர்.

ஹார்வர்டுப் பேராசிரியர் ஆர்தர் கிளைன்மன், மருத்துவர் நோயாளியிடம் கேட்கத்தக்க வினாக்கள் சிலவற்றை வகுத்துள்ளார். இந்நோயை நீர் எவ்வாறு அழைக்கிறீர்? இது எதனால் வந்தது என நினைக்கிறீர்? இதில் உமக்குப் பேரச்சம் தருவது யாது? இவை எளிய வினாக்கள். ஆயினும் மூடிய உள்ளத்தைத் திறக்க வல்லவை. பின்னாளில் மெர்செடு நகர மருத்துவமனையொன்று, மோங் பூசாரிகள் நோயாளியின் அருகிருந்து சடங்கு செய்யவும் இசைவளித்தது. அதனால் மருத்துவத்தின் பெருமை குறையவில்லை. மருத்துவரிடத்து மக்கள் கொண்ட அச்சமே குறைந்தது.

வேற்று நாட்டிலிருந்து வந்தோர்க்கு வள்ளுவர் கூறிய நான்கோடு ஐந்தாவதாக ஒன்றும் வேண்டும். இருவர் மொழியும் அறிந்து, இருவர் உள்ளமும் உணர்ந்து உரைப்பவனே அந்த ஐந்தாம் துணைவன். அவன் இல்லாவிடத்து நல்ல மருந்தும் வீணாகும்.