மருந்துச் சீட்டில் இருப்பது யார் வயசு?



காவேரிப்பாக்கம் பக்கம் ஒரு குழுவில் சேமிப்பை எண்ணி முடித்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தோம். ராணிப்பேட்டை ஷூ கம்பெனிக்குப் போகும் ஒரு அக்கா உட்கார்ந்தபடியே தூங்கி வழிந்தார். “என்னக்கா, உடம்பு சரியில்லையா?” என்றோம்.

“ராத்திரி போட்ட தூக்க மாத்திரை மேடம், இன்னும் இறங்கல.”

எந்த டாக்டர் கொடுத்தது?

“டாக்டரா? பையன் செல்லுல போட்டான். நாலு கேள்வி கேட்டுது, சீட்டும் அதுவே எழுதிக்கிச்சி. கொரியர்ல வந்துடுச்சி.”

எட்டு மாதமாக இப்படித்தானாம். சீட்டைக் காட்டச் சொன்னோம். டாக்டர் பெயர், பதிவு எண் எல்லாம் இருந்தது. வயசு மட்டும் 22, அதாவது பையனின் வயசு! அக்காவுக்கு 46. அந்த டாக்டர் அவரைப் பார்த்ததும் இல்லை, போனில் பேசியதும் இல்லை.

நம் குழுவில் ஒருவர் பெயரில் இன்னொருவர் கடன் எடுத்தால் விடுவோமா? மருந்துக்கும் அப்படி ஒரு பதிவேடு இருக்கிறது. தூக்க மாத்திரைகள், கடுமையான வலி மாத்திரைகள், சில ஆன்டிபயாடிக் எல்லாம் ‘எச் 1’ என்ற பட்டியலில் வரும். 2014 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ள விதி இது. இவற்றை விற்கும் கடைக்காரர் டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு நான்கையும் தனி நோட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். நம்மூர் மெடிக்கலில் சீட்டே கேட்காமல் கொடுக்கிறார்களே என்பீர்கள். அதுவும் தப்புதான்.

போனில் டாக்டரிடம் ஆலோசனை கேட்பது தப்பில்லை. 2020 மார்ச் 25இல் மத்திய அரசு அதற்கு வழிகாட்டுதல் கொடுத்தது. ஆனால் அல்பிரசோலம், டயசிபாம், நைட்ரசிபாம், டிரமடால் போன்றவை போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திலும் வருபவை. அந்தச் சட்டத்தில் வரும் மருந்தைப் போன் ஆலோசனையில் எழுதக்கூடாது என்று அதிலேயே இருக்கிறது. அப்படியானால் அக்காவின் சீட்டு, வயசு சரியாக இருந்திருந்தாலும் செல்லாது.

ஆன்லைன் மருந்து விற்பனை கோர்ட்டுக்கும் போயிருக்கிறது. மருந்துக் கடைக்காரர்கள் சங்கம் போட்ட வழக்கில், விதிகள் வரும்வரை விற்கக்கூடாது என்று 2018 டிசம்பர் 17இல் சென்னை உயர்நீதிமன்றம் தடை போட்டது. சில நாளிலேயே மேல்முறையீட்டில் அந்தத் தடை நிறுத்திவைக்கப்பட்டது. அந்த வருஷம் ஆகஸ்டில் மத்திய அரசு வெளியிட்ட வரைவு விதியில், போதை தரும் மருந்துகளை இணையத்தில் விற்கக்கூடாது என்று இருந்தது. அது பல வருஷம் வரைவாகவே கிடந்தது. கடைக்காரர்களுக்குத் தங்கள் வியாபாரக் கவலையும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும்.

அக்காவை மட்டும் குறை சொல்ல எங்களுக்கு மனசு வரவில்லை. காலையில் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் ஒரு நாள் சம்பளம் போச்சு. செல்போனில் கேள்வி கேட்டவர்கள், ஏன் தூக்கம் வரவில்லை என்று மட்டும் கேட்கவே இல்லை. மூத்த பெண்ணின் கல்யாணக் கடன் என்று எங்களிடம்தான் சொன்னார்.

ஒன்றைக் கவனமாகப் படியுங்கள். இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். மாதக்கணக்கில் போட்டுவந்த தூக்க மாத்திரையைத் திடீரென விட்டால் கைகால் நடுக்கம், சிலருக்கு வலிப்பே வரும். டாக்டர்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். குடிக்கிற ஆள் இந்த மாத்திரையைப் போட்டால் மூச்சே நின்றுபோகலாம். வீட்டில் கண்ட இடத்தில் வைக்காதீர்கள்.

அக்காவை அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். மாத்திரையின் அளவைக் குறைத்து எழுதிக் கொடுத்து, இரண்டு வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். மனசு சரியில்லை, தூக்கம் இல்லை என்றால் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது வீட்டில் உள்ள மாத்திரை அட்டைகளை எடுத்து வாருங்கள். ‘ஆர்எக்ஸ்’ குறிக்கு முன்னால் சிவப்பில் ‘என்’ என்ற இங்கிலீஷ் எழுத்து இருக்கிறதா என்று சேர்ந்து பார்ப்போம். இருந்தால் அது போதைப்பொருள் சட்டத்தில் வரும் மருந்து. கடையில் அட்டையை வெட்டிக் கொடுத்தால் பெயர் உள்ள பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்.