ஒன்பது கோடுகளில் ஒரு மூலக்கூறு: லேசருக்கு முன்னால் பழக வேண்டிய துல்லியம்

ஹைட்ரஜன் உள்ள சின்ன மூலக்கூறுகளின் குவாண்டம் நிலைகளை அளப்பது என்றதும் லேசர், வெற்றிடக் கலம், பெரும் செலவு என்ற எண்ணம்தான் முதலில் எழுகிறது. சுபாங் ஜெயாவில் எஸ்எஸ்15 தொடங்கி பண்டார் சன்வே வரை கல்லூரிகளுக்குக் குறைவில்லை. ஆனால் அங்கே இயற்பியலும் வேதியியலும் படிக்கும் மாணவருக்கு இந்தத் துறை பாடநூலில் ஓரிரு பக்கங்களாகவே நின்றுவிடுவதுண்டு. அப்படி நிற்க வேண்டியதில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். துல்லியத்துக்கு இரண்டு பாதிகள் உண்டு. ஒரு பாதி கருவியில் இருக்கிறது. மற்றப் பாதி, கிடைத்த எண்ணில் எந்த இலக்கம் வரை நம்பலாம் என்று சொல்லத் தெரிவதில் இருக்கிறது. அந்த இரண்டாம் பாதியை ஒரு மடிக்கணினியும் எக்செல் தாளும் கொண்டு ஒரே மாலையில் பழகத் தொடங்கலாம்.

இது வெறும் ஆறுதல் பேச்சு அல்ல, இத்துறையின் வரலாறே சாட்சி. ஹைட்ரஜன் மூலக்கூறை இரண்டு அணுக்களாகப் பிரிக்கத் தேவைப்படும் ஆற்றலை 1960-இல் கனடாவில் ஹெர்ஸ்பெர்க்கும் மொன்ஃபில்ஸும் அளந்து 36113.6 செ.மீ⁻¹ என்றார்கள். 1968-இல் போலந்து நாட்டவரான கோவோஸும் வோல்னியேவிச்சும் கணக்கிட்டபோது 36117.4 வந்தது. வேறுபாடு பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். ஆனாலும் அதை ஒதுக்கிவிட முடியவில்லை. அவர்கள் கையாண்ட முறையில் விடை உண்மை மதிப்பைவிடக் குறைந்து வரலாம், கூடி வர இடமில்லை. அப்படியானால் தவறு அளவீட்டில்தான் இருக்க வேண்டும். ஹெர்ஸ்பெர்க் மறுபடி அளந்தார். 1970-இல் அவர் தந்த விடை 36116.3-க்கும் 36118.3-க்கும் இடையில் இருந்தது. 2009-இல் ஆம்ஸ்டர்டாம், சூரிச் ஆய்வாளர்கள் லேசர் கொண்டு 36118.0696 என்று நிறுவினார்கள். கருவியே இல்லாத இருவரால் உலகின் தலைசிறந்த நிறமாலைக்கூடம் ஒன்றைத் திருத்த முடிந்தது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கலாம்.

படி 1: மூலக்கூறைத் தேர்ந்தெடுத்தல்

ஹைட்ரஜன் மூலக்கூறிலேயே தொடங்கத் தோன்றும். ஆனால் அதன் இரண்டு அணுக்களும் ஒன்றுபோல இருப்பதால் அதற்கு மின் இருமுனை இல்லை, அகச்சிவப்பு ஒளியை மிக மிக மெல்லவே உறிஞ்சும். நீராவியிலோ கோடுகள் பலமாக இருந்தாலும் ஒழுங்கு பிடிபடாமல் சிதறிக் கிடக்கும். இரண்டுக்கும் நடுவே நிற்பது ஹைட்ரஜன் குளோரைடு. அணுக்கள் இரண்டே, கோடுகள் பலமானவை, வரிசை கண்ணால் பார்த்தாலே தெரியும். அது நெடியுள்ள, நுரையீரலை அரிக்கும் வாயு என்பதால் வீட்டில் தயாரிக்கவே கூடாது. தேவையும் இல்லை. ஹார்வர்டு-ஸ்மித்சோனியன் மையம் பராமரிக்கும் ‘ஹிட்ரான்’ தரவுத்தளத்தில் பெயரைப் பதிவு செய்தால் கோடுகளின் இடங்கள் இலவசமாகக் கிடைக்கும்.

படி 2: கோடுகளை எடுத்து, பெயர்களை மறைத்தல்

தரவுத்தளத்தில் ஹைட்ரஜன் குளோரைடைத் தேர்ந்து 2770 முதல் 2970 செ.மீ⁻¹ வரை கேளுங்கள். ஒவ்வொரு பலமான கோட்டுக்குப் பக்கத்திலும், சுமார் 2 செ.மீ⁻¹ கீழே, மூன்றில் ஒரு பங்கு பலத்தில் இன்னொரு கோடு நிற்கும். அது குளோரின்-37 உள்ள மூலக்கூறு. இயற்கையில் குளோரின்-35 ஏறத்தாழ 76 விழுக்காடு, குளோரின்-37 ஏறத்தாழ 24 விழுக்காடு. பலமான கோடுகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் எந்தக் குவாண்டம் எண் என்ற குறிப்பும் தரவிலேயே இருக்கும். அந்தப் பத்தியை மறைத்துவிடுங்கள். மறைக்காவிட்டால் இனி வருவது வெறும் படியெடுப்பாகிவிடும்.

மூன்று தசமங்களுக்குச் சுருக்கினால் ஒன்பது எண்கள் இப்படி நிற்கும்: 2775.761, 2798.943, 2821.569, 2843.625, 2865.098, 2906.247, 2925.897, 2944.914, 2963.286.

படி 3: இடைவெளியைக் கண்டு எண்ணிடுதல்

அடுத்தடுத்த எண்களைக் கழித்துப் பாருங்கள். இடைவெளிகள் 18-க்கும் 24-க்கும் நடுவே இருக்கும், ஓரிடத்தைத் தவிர. 2865.098-க்கும் 2906.247-க்கும் இடையே 41.149. அங்கே ஒரு கோடு இருந்திருக்க வேண்டும், இல்லை. அதிர்வு மாறும்போது சுழற்சி எண் மாறாமல் இருப்பது இந்த மூலக்கூறுக்கு விலக்கப்பட்ட தாவல் என்பதே காரணம். அந்த வெற்றிடத்திலிருந்துதான் எண்ணத் தொடங்க வேண்டும். மேலே செல்பவை ஆர் கிளை: ஆர்(0), ஆர்(1) என்று வரிசை. கீழே செல்பவை பி கிளை: பி(1), பி(2) என்று வரிசை. அடைப்புக்குறிக்குள் உள்ளது, ஒளியை உறிஞ்சுமுன் மூலக்கூறு இருந்த சுழற்சி நிலை. அதை ஜே என்போம்.

எண்ணிடுதலில் ஒன்று தவறினால் என்ன ஆகும்? ஆர்(0) கண்ணில் படாமல் போய், ஆர்(1)-ஐயே ஆர்(0) என்று எண்ணிவிட்டதாக வைத்துக்கொள்வோம். அடுத்த படியில் வரும் விகிதம் 54.85, 49.34, 46.96 என்று சரிந்துகொண்டே போகும். சரியாக எண்ணியிருந்தால் அது 41.7-ஐ விட்டு நகராது. தவறு தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும் இத்தகைய சோதனையைக் கணக்குக்குள்ளேயே வைத்திருப்பதுதான் நல்ல முறை.

படி 4: மேல்நிலையை நீக்கிவிட்டுக் கீழ்நிலையை மட்டும் அளத்தல்

ஆர்(0) கோடு ஜே 0-இலிருந்து புறப்பட்டு மேல்நிலையின் ஜே 1-இல் முடிகிறது. பி(2) கோடு ஜே 2-இலிருந்து புறப்பட்டு அதே மேல்நிலை ஜே 1-இல் முடிகிறது. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் மேல்நிலை பற்றிய எல்லாம் அடிபட்டுப் போய், கீழ்நிலையின் 2-க்கும் 0-க்கும் உள்ள ஆற்றல் வேறுபாடு மட்டும் மிஞ்சும். இப்படி நான்கு இணைகள் கிடைக்கும்: ஆர்(0) − பி(2) = 62.622; ஆர்(1) − பி(3) = 104.328; ஆர்(2) − பி(4) = 145.971; ஆர்(3) − பி(5) = 187.525.

இவற்றை முறையே 1.5, 2.5, 3.5, 4.5 ஆல் வகுத்தால் 41.748, 41.731, 41.706, 41.672 வரும். மூலக்கூறு கெட்டியான கம்பியாக இருந்திருந்தால் நான்கும் ஒரே எண்ணாக இருக்கும். வேகமாகச் சுழலச் சுழல பிணைப்பு இழுபடுகிறது, அதனால் எண் மெல்லக் குறைகிறது. வரைபடத்தில் கிடை அச்சில் 1.5, 2.5, 3.5, 4.5 ஆகியவற்றின் வர்க்கங்களையும் நிலை அச்சில் இந்த நான்கு எண்களையும் இட்டால், புள்ளிகள் நேர்கோட்டில் அமரும். சரிவு −0.00421. அதை −8-ஆல் வகுத்தால் இழுபடுதலைக் குறிக்கும் விலகல் மாறிலி: 0.000526 செ.மீ⁻¹. கோடு நிலை அச்சை வெட்டும் இடம் 41.7575.

படி 5: நான்காம் தசமத்தைச் சந்தேகித்தல்

இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். வெட்டும் எண்ணை 4-ஆல் வகுத்துச் சுழற்சி மாறிலி 10.4394 என்று எழுதி முடித்துவிடுவார்கள். சுழற்சி ஆற்றலின் சூத்திரத்தை முழுமையாக விரித்துப் பார்த்தால், வெட்டும் எண் சுழற்சி மாறிலியின் 4 மடங்கிலிருந்து விலகல் மாறிலியின் 6 மடங்கைக் கழித்தது என்று தெரியும். ஆகவே விலகல் மாறிலியின் 1.5 மடங்கைத் திரும்பச் சேர்க்க வேண்டும். அப்போது விடை 10.4402. மாற்றம் நான்காம் தசமத்தில் 8. இவ்வளவு சிறியதற்கு ஏன் மெனக்கெட வேண்டும் என்ற கேள்விக்கு வேறொரு அளவீடு பதில் சொல்கிறது. இதே மூலக்கூறு அதிர்வு மாறாமல் ஜே 0-இலிருந்து 1-க்குத் தாவும் கோடு தனியே, முற்றிலும் வேறு கருவிகளால் அளக்கப்பட்டிருக்கிறது: 625.92 கிகாஹெர்ட்ஸ். 10.4394-ஐ வைத்துக் கணித்தால் 625.87 வரும், 10.4402-ஐ வைத்துக் கணித்தால் 625.92 வரும். கணிக்கும் வழி எளிது: சுழற்சி மாறிலியை 2-ஆல் பெருக்கி, விலகல் மாறிலியின் 4 மடங்கைக் கழித்து, 29.97925-ஆல் பெருக்குங்கள்.

படி 6: எண்ணிலிருந்து மூலக்கூறுக்கு

சுழற்சி மாறிலியிலிருந்து பிணைப்பின் நீளத்தைப் பெற, 16.8576-ஐ ஒடுக்கிய நிறையாலும் (0.979593) சுழற்சி மாறிலியாலும் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள். கீழ்நிலையில் 1.2839 ஆங்ஸ்ட்ராம். மேல்நிலைக்கு ஆர்(1) − பி(1) = 60.799 என்ற இணையிலிருந்து, விலகல் மாறிலி ஏறத்தாழ மாறாதது என்று கொண்டால், சுழற்சி மாறிலி 10.136 வரும், நீளம் 1.3030 ஆங்ஸ்ட்ராம். ஒரே ஒரு படி கூடுதலாக அதிர்ந்ததும் பிணைப்பு சராசரியாக 0.019 ஆங்ஸ்ட்ராம் நீண்டுவிட்டது. ஒன்பது எண்களிலிருந்து இதைக் காட்ட முடிகிறது.

இனி மறுப்புகள். பிறர் அளந்த தரவைக் கூட்டிக் கழிப்பது அறிவியலா என்று கேட்கலாம். கோவோஸும் வோல்னியேவிச்சும் எந்தக் கோட்டையும் அளக்கவில்லை, ஆனாலும் அவர்கள் கணக்குதான் அளந்தவரை மறுபடி அளக்க வைத்தது. விடை தெரிந்த மூலக்கூறை மீண்டும் கணக்கிடுவது வீண் என்றும் சொல்லலாம். படி 5-இல் 10.4394-இல் ஏதோ விடுபட்டிருக்கிறது என்பதை உறுதி செய்தது தெரிந்த விடையான 625.92 தான். தெரியாத மூலக்கூறில் அதே பிழை செய்தால் காட்டிக்கொடுக்க ஆளில்லை. மூன்றாவது மறுப்பு கொஞ்சம் வலுவானது: ‘பிகோஃபர்’ போன்ற இலவச மென்பொருள் இவ்வளவையும் நொடியில் பொருத்திவிடுமே? பொருத்தும். தவறாக எண்ணிய கோடுகளுக்கும் ஏதோ ஒரு மாறிலியைத் தரும். எந்த விகிதம் மாறாமல் நிற்க வேண்டும் என்று கையால் ஒருமுறை கண்டவருக்கே அந்த மாறிலியைச் சந்தேகிக்கத் தெரியும்.

அப்படியானால் லேசரே தேவையில்லையா என்றால், இந்த வாதம் அவ்வளவு தூரம் போகாது. அறை வெப்பநிலையில் மூலக்கூறுகள் எல்லாத் திசையிலும் ஓடுவதால், டாப்ளர் விளைவால் இந்தக் கோடுகள் ஒவ்வொன்றும் சுமார் 0.006 செ.மீ⁻¹ அகலம் கொள்கின்றன. ஹைட்ரஜன் மூலக்கூறு மிக இலேசானது, அதன் அகலம் இதைப்போல ஆறு மடங்கு. குளோரின் அணுக்கருவின் செல்வாக்கால் 625.92 கிகாஹெர்ட்ஸ் கோடு உண்மையில் மூன்றாகப் பிளந்திருக்கிறது. அந்தப் பிளவு 0.001 செ.மீ⁻¹ அளவே. டாப்ளர் அகலத்துக்குள் புதைந்த இத்தகைய பிளவுகளை அகச்சிவப்பில் வெளிக்கொணர, எதிரெதிர் லேசர் கற்றைகளோ குளிர்வித்த மூலக்கூறுகளோ தேவை. 2020-இல் டுசல்டார்ஃபிலும் ஆம்ஸ்டர்டாமிலும் ஹைட்ரஜனும் டியூட்ரியமும் இணைந்த அயனியைக் குளிர்வித்துப் பிடித்து அளந்தபோது, புரோட்டானின் நிறை எலக்ட்ரானின் நிறையைப்போல எத்தனை மடங்கு என்பதையே அதிலிருந்து சரிபார்க்க முடிந்தது. அங்கே கணக்கு மட்டும் போதாது.

ஆனால் கருவி கைக்கு வரும்போது கேள்வியோடு போக வேண்டும். 1928-இல் கல்கத்தாவில் ராமனும் விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனும் லேசர் இல்லாத காலத்தில் சூரிய ஒளியும் வண்ண வடிகட்டிகளும் கொண்டு ஒளிச்சிதறலை ஆராயத் தொடங்கினார்கள். சிதறிய ஒளி வெறும் ஒளிர்வு அல்ல என்று காட்ட, அதன் முனைவாக்கத்தைச் சோதித்தார்கள். அடுத்த ஆண்டே இயற்பியலாளர் ரசெட்டி அந்த ராமன் விளைவைக் கொண்டு ஹைட்ரஜனின் சுழற்சிக் கோடுகளைப் பதிவு செய்தார். அகச்சிவப்பில் ஒளிந்திருந்த மூலக்கூறு அங்கே வெளிப்பட்டது.

படி 7: ஆய்வகத்துக்குப் போகும்போது

கல்லூரியில் அகச்சிவப்பு நிறமாலைமானி இருந்தால், ஆசிரியர் மேற்பார்வையில், ஏற்கெனவே நிரப்பி மூடிய வாயுக் கலத்தை மட்டும் கேளுங்கள். கிள்ளான் பள்ளத்தாக்கின் ஈரக்காற்று இந்த வேலைக்கு நேர் எதிரி. கலத்தின் சன்னல் பொட்டாசியம் புரோமைடு என்றால் அது ஈரத்தை இழுத்து மங்கிவிடும், பயன்படுத்தாத நேரத்தில் சிலிக்கா ஜெல் இட்ட உலர்பெட்டியில் இருக்க வேண்டும். கால்சியம் ஃபுளோரைடு சன்னல் ஈரம் தாங்கும். அறைக் காற்றின் நீராவியே 1400–1800, 3500–3900 செ.மீ⁻¹ பகுதிகளில் கோடுகள் போடும். அவற்றைத் தொல்லை என்று நினைக்க வேண்டாம். அவற்றின் இடங்கள் ஹிட்ரானில் இருப்பதால், கருவியின் அளவுகோல் எவ்வளவு விலகியிருக்கிறது என்று சொல்லும் இலவச அடையாளக் கற்கள் அவை.

அறிக்கை எழுதும்போது சுழற்சி மாறிலியை மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். நான்கு புள்ளிகளும் கோட்டிலிருந்து எவ்வளவு விலகின என்ற பட்டியல், எந்தக் கோட்டை எப்படி எண்ணினீர்கள் என்ற விளக்கம், வேறு அளவீட்டோடு செய்த ஒப்பீடு ஆகிய மூன்றையும் சேருங்கள். இவை இருந்தால், தசமம் குறைவாக இருந்தாலும் அந்த எண்ணை அடுத்தவர் நம்பி எடுத்துக்கொள்ளலாம். இவை இல்லாவிட்டால், விலை உயர்ந்த லேசரிலிருந்து வந்த பத்து இலக்கங்களையும் அவர் தாமே மறுபடி அளந்துதான் ஆக வேண்டும்.