இலையின் நொதியங்களும் சூரியவொளியும்

வரம்பு மரத்தின் நிழலில் நிற்கும் நெல்லில் விளைச்சல் குன்றுவதைக் கமக்காரர் அறிவர். எனினும், இடையிடையே வெயில் படுகிறதே என்று மரத்தை விட்டுவைப்பாருமுளர். அவ்வெயிலின் முழுப்பயனும் பயிருக்குக் கிட்டுவதில்லை.

காபனீரொட்சைட்டிலிருந்து வெல்லத்தை ஆக்கும் வேலையை இலையின் பச்சையவுருமணிகளிலுள்ள நொதியங்கள் நடத்துகின்றன. இவற்றுட் பல இரவில் அடங்கிக் கிடக்கும். அவ்வாறு அடங்காவிடின் பகலிற் சேர்ந்த ஆற்றல் வீணாகும். ஒளி பட்டதும் உருமணியினுட் காரத்தன்மை ஏறுகிறது, பீ.எச். பெறுமானம் ஏறத்தாழ 7 இலிருந்து 8 ஆகிறது. மகனீசியமும் மிகுகிறது. தயோரெடொக்சின் என்னும் சிறு புரதம் சில நொதியங்களிலுள்ள கந்தகப் பிணைப்பைப் பூட்டுத் திறப்பதுபோல அவிழ்த்துவிடுகிறது.

ஆயினும் காபனீரொட்சைட்டை முதலிற் பற்றும் ரூபிஸ்கோ என்னும் நொதியம் நெடுநேரம் நிழலிலிருந்தால், மீண்டும் முழுமையாக இயங்கச் சில நிமிடங்கள் செல்லும். அதற்குள் வெயில் நகர்ந்துவிடின் வந்த ஒளியில் ஒரு பங்கு பயன்படாது போகும். கத்தரி, மிளகாய்ப் பாத்திகளுக்கும் இது பொருந்தும்.

நெல்லுக்குக் கதிர் உருவாகுங் காலந்தொட்டு மணி முற்றும்வரை ஒளி மிக வேண்டும். ஆதலின் நிழல் தருங் கிளைகளை விதைப்புக்கு முன்னரே தறித்தல் நன்று. பூவரசங் கிளையாயின் அதன் குழையை உழவின்போது சேற்றில் மிதித்துவிடலாம், நல்ல பசளை.