அகலமா? விரைவா?

நுழையும்முன்

படகு ஆடாமல் நிற்கவும் வேண்டும். விரைந்து செல்லவும் வேண்டும். இவ்விரு பண்புகளுள் ஒன்றைக் கூட்டினால் பெரும்பாலும் மற்றொன்று குறையும். கயாக் என்னும் சிறுபடகில் மீன்பிடிப்போர் இவற்றுள் எதை, எப்போது தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

பனிக்கடலின் இரு படகுகள்

கயாக் என்பது, ஒருவர் அமர்ந்து, இரு முனைகளிலும் அலகுடைய துடுப்பால் செலுத்தும் ஒடுங்கிய படகு. கிரீன்லாந்து, வடகனடா, அலாஸ்கா ஆகிய பகுதிகளின் கடலோர மக்கள் இதனை உருவாக்கினர். மரங்கள் அரிதான அந்நிலத்தில், கடல் அடித்துவந்து ஒதுக்கிய மரத்துண்டுகளால் சட்டம் அமைத்தனர். அதன்மேல் சீல் என்னும் கடல்விலங்கின் தோலை இழுத்துத் தைத்தனர். கிரீன்லாந்தின் வேட்டைக் கயாக் ஏறத்தாழ 5 மீட்டர் நீளமும் 50 செ.மீ. அகலமும் உடையது. செலுத்துபவரின் உடல் அளவுக்கு ஏற்பவே அது கட்டப்பட்டது.

அதே மக்கள் உமியாக் என்னும் வேறொரு படகையும் கட்டினர். அது அகன்றது, மேற்புறம் திறந்தது, குடும்பத்தையும் உடைமைகளையும் சுமந்து சென்றது. கிரீன்லாந்தில் அதனைப் பெரும்பாலும் பெண்களே வலித்தனர். ஓசையின்றி விரைந்து விலங்கை அணுக ஒடுங்கிய படகு. குழந்தைகளையும் முதியோரையும் ஏற்றிச் செல்ல அகன்ற படகு. பணி மாறியதால் படகின் வடிவமும் மாறியது.

அகலம் தரும் உறுதி

படகு ஒருபுறம் சாயும்போது அப்பக்கம் நீரில் கூடுதலாக அமிழ்கிறது. அமிழ்ந்த பகுதியை நீர் மேல்நோக்கித் தள்ளுகிறது. அத்தள்ளுதலே படகை நிமிர்த்துகிறது. படகின் அகலம் மிகுந்தால், அத்தள்ளுதல் நடுவிலிருந்து விலகி நின்று நெம்புகோல்போல் வலிமை பெறுகிறது. நீளமும் வடிவமும் ஒத்த இரு படகுகளுள் ஒன்று 60 செ.மீ. அகலமும் மற்றொன்று 90 செ.மீ. அகலமும் உடையன எனக் கொள்வோம். அகலம் ஒன்றரை மடங்குதான். ஆனால், நீர் தரும் நிமிர்த்தும் ஆற்றலோ மூன்று மடங்கினும் மிகுதி (1.5 × 1.5 × 1.5 = 3.375). இக்காலத்தில் நெகிழியால் செய்யப்படும் மீன்பிடிக் கயாக்குகள் பல 80 முதல் 90 செ.மீ. வரை அகலம் கொண்டிருப்பது இதனால்தான். அவற்றுள் சிலவற்றில் எழுந்து நின்றே தூண்டில் வீசலாம்.

நீளம் தரும் விரைவு

படகு முன்னேறும்போது அதன் முகப்பில் அலை எழுகிறது. விரைவு கூடக்கூட அவ்வலையும் நீள்கிறது. அலையின் நீளம் படகின் நீளத்தை எட்டியபின், படகு தானே எழுப்பிய அலைமேட்டில் ஏற முயல்வதுபோல் தடுமாறுகிறது. அதன்பின் எவ்வளவு துடுப்பு வலித்தாலும் பயன் குறைவே. நீளத்திற்கும் விரைவுக்கும் உள்ள இத்தொடர்பை ஆங்கிலேயப் பொறியாளர் வில்லியம் ஃபுரூடு (1810–1879) மாதிரிக் கப்பல்களைக் கொண்டு ஆராய்ந்தார். 3 மீட்டர் நீளமுள்ள படகுக்கு இவ்வெல்லை மணிக்கு ஏறத்தாழ 8 கி.மீ.; 5 மீட்டர் படகுக்கு ஏறத்தாழ 10 கி.மீ. மேலும், அகன்ற படகு மிகுந்த நீரை விலக்கிச் செல்ல வேண்டியிருப்பதால், கைகள் விரைவில் சோர்ந்துவிடும்.

ஆடாத படகு கவிழாதா?

அகன்று தட்டையான அடிப்பகுதியுடைய படகு அமைதியான ஏரியில் சிறிதும் ஆடாது. இது தொடக்க நிலைத்தன்மை எனப்படும். ஆனால், பக்கவாட்டில் பேரலை வரும்போது, தட்டையான அப்படகு அலையின் சரிவோடு தானும் சரியும்; ஓர் எல்லையைத் தாண்டினால் திடீரெனக் கவிழும். அடிப்பகுதி வளைந்த ஒடுங்கிய படகோ ஏறிய நொடி முதல் ஆடிக்கொண்டே இருக்கும். எனினும், நன்கு வடிவமைத்த படகு பெரிதும் சாய்ந்தபின்னும் மீண்டு நிமிரும். இது இரண்டாம் நிலைத்தன்மை எனப்படும்.

அத்தகைய படகைக் காப்பது செலுத்துபவரின் பயிற்சியே. கிரீன்லாந்து வேட்டையாடுநர் தோலாடையின் கீழ்விளிம்பைப் படகின் வாயோடு இறுக்கிக் கட்டினர். கவிழ்ந்தாலும் நீர் உள்ளே புகாது. துடுப்பின் ஒரே வீச்சில் உருண்டு மேலெழுவர். உறையும் நீரில் சில நிமிடங்களிலேயே கைகள் செயலிழந்துவிடும். எனவே, அப்பயிற்சி அவர்களுக்கு விளையாட்டன்று, உயிர்க்காப்பு.

தெரிவு

குளம், ஏரி, அமைதியான உப்பங்கழி ஆகியவற்றில் நெடுநேரம் ஓரிடத்தில் காத்திருந்து மீன்பிடிப்போர்க்கு அகன்ற படகு ஏற்றது. நெடுந்தொலைவு செல்வோர்க்கும் காற்று எழுமுன் கரை திரும்ப வேண்டியோர்க்கும் நீண்ட படகு ஏற்றது. படகு உறுதியைத் தராத இடத்தில் செலுத்துபவரே அதனைத் தர வேண்டும். அப்பயிற்சி இல்லாதவர் ஒடுங்கிய படகில் கடலுக்குச் செல்லலாகாது. எப்படகாயினும் மிதவைச் சட்டை அணியாமல் ஏறலாகாது.

தெரிந்துகொள்வோம்

'கட்டுமரம்' என்னும் தமிழ்ச்சொல்லே ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' ஆயிற்று. தமிழகக் கடற்கரையில் அது மரங்களைச் சேர்த்துக் கட்டிய மிதவை. ஆங்கிலத்திலோ இன்று ஒடுங்கிய இரு உடல்களை இடைவெளிவிட்டு இணைத்த படகைக் குறிக்கிறது. அவ்வமைப்பில் விரைவும் உறுதியும் ஒருங்கே கிட்டும். ஆயினும் படகு பெரிய இடத்தை அடைக்கும்.

சொற்பொருள்

வலித்தல் – துடுப்பால் படகைச் செலுத்துதல்
உப்பங்கழி – கடல்நீர் உட்புகுந்து தேங்கும் நீர்நிலை
அமிழ்தல் – நீரில் மூழ்குதல்

வினாக்கள்

1. உமியாக் அகன்றும் கயாக் ஒடுங்கியும் இருந்தது ஏன்?
2. தொடக்க நிலைத்தன்மைக்கும் இரண்டாம் நிலைத்தன்மைக்கும் உள்ள வேறுபாட்டை எழுதுக.
3. உம் ஊருக்கு அருகிலுள்ள நீர்நிலை ஒன்றில் மீன்பிடிக்க எவ்வகைப் படகு ஏற்றது? காரணங்களுடன் ஐந்து தொடர்களில் எழுதுக.

செய்து பார்ப்போம்

ஒரே நீளமும் தடிமனும், வெவ்வேறு அகலமும் உடைய இரு தெர்மகோல் துண்டுகளை ஒரு வாளி நீரில் மிதக்கவிடுக. ஒவ்வொன்றின் ஓரத்திலும் நாணயங்களை ஒவ்வொன்றாக வைக்க. எது முதலில் கவிழ்கிறது எனக் குறித்துக்கொள்க.