பிஎம்டபிள்யூ வாங்கும் முன்: மாடல்களை ஒப்பிட ஒரு முழுமையான வழிகாட்டி

முதன்முறையாக பிஎம்டபிள்யூ ஷோரூமுக்குள் போகிறவரை விலையைவிடப் பெயர்கள்தான் அதிகம் மிரட்டும். 330எல்ஐ, 530எல்ஐ, எக்ஸ்1 எஸ்டிரைவ்18ஐ, எக்ஸ்5 எக்ஸ்டிரைவ்30டி, எம்340ஐ என்று பலகைகள் வரிசையாக நிற்கும். எண் பெரிதானால் கார் உசத்தி என்று எடுத்துக்கொண்டு, கடன் எட்டும் வரை மேலே போய் நிற்பவர்கள் உண்டு. அப்படி வாங்கியவர்களில் பலருக்கு அந்த எண் தந்தது அவர்கள் கேட்காத ஒன்று.

தாய்க் கம்பெனி ஜெர்மனியின் மியூனிக்கில் இருந்தாலும், இந்தியாவில் விற்கும் பிஎம்டபிள்யூக்களில் பெரும்பாலானவை செங்கல்பட்டு பக்கம் மகிந்திரா வேர்ல்டு சிட்டி ஆலையில் 2007 முதல் அசெம்பிள் ஆகின்றன. நாம் பார்க்கப்போவதும் இந்திய ஷோரூமில் கிடைக்கும் வரிசையைத்தான்.

முதல் படி: பெயரைப் பிரித்துப் படியுங்கள்

முதல் எண் காரின் குடும்பத்தைச் சொல்லும். 3, 5, 7 ஆகியவை வழக்கமான செடான்கள். 2, 4 போன்ற இரட்டைப்படை எண்கள் கூரை சரிந்த கூபே வகையறா. முன்னால் எக்ஸ் இருந்தால் எஸ்யுவி. பெயரின் தொடக்கத்தில் 'ஐ' வந்தால் (ஐ4, ஐ7, ஐஎக்ஸ்1) மின்சாரக் கார். கடைசியில் வந்தால் பெட்ரோல். 'டி' வந்தால் டீசல். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் புதிய எக்ஸ்3 பெட்ரோல் காரின் பெயரிலிருந்து கடைசி 'ஐ'யை எடுத்துவிட்டார்கள். நடுவில் 'எல்' இருந்தால் நீட்டப்பட்ட கார் என்று பொருள்.

அடுத்த இரண்டு இலக்கங்களில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். 1980களின் 325ஐ காரில் 2.5 லிட்டர் எஞ்சின் இருந்தது. எண்ணும் எஞ்சினும் ஒத்துப்போயின. டர்போ வந்தபின் அந்தக் கணக்கு போய்விட்டது. இன்றைய 330எல்ஐயில் இருப்பது 3 லிட்டர் அல்ல, நான்கு சிலிண்டர் 2 லிட்டர் எஞ்சின். எக்ஸ்5 எக்ஸ்டிரைவ்30டியிலோ அதே '30'க்கு ஆறு சிலிண்டர், 3 லிட்டர் டீசல். ஆகவே அந்த இலக்கத்தைச் சக்தியின் படிநிலை என்று மட்டும் எடுத்துக்கொண்டு, சிலிண்டர் எத்தனை என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

இரண்டாம் படி: நீங்கள் உட்காரப்போவது எந்த சீட்?

மாடலைத் தீர்மானிக்க வேண்டிய கேள்வி இதுதான். ஆனால் ஷோரூமில் இதை யாரும் கேட்பதில்லை, பட்ஜெட்டைத்தான் கேட்பார்கள்.

330எல்ஐ, 530எல்ஐ இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் 2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், இரண்டிலும் 258 குதிரைத்திறன். விலையில் பல லட்சம் வித்தியாசம். கூடுதல் பணம் வேகத்துக்குப் போகவில்லை. சொல்லப்போனால் கனம் கூடிய 530எல்ஐ ஒரு துளி மெதுவானதுதான். அந்தப் பணம் பின்சீட்டுக்கும், கதவைச் சாத்தினால் வரும் அமைதிக்கும் போகிறது. முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரமான வீல்பேஸ் 330எல்ஐயில் 2,961 மி.மீ., 530எல்ஐயில் 3,105 மி.மீ. டிரைவர் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து போகிறவருக்கு அந்த 144 மி.மீ. தினமும் பலன் தரும். தானே ஓட்டுகிறவருக்கு அது பார்க்கிங்கில் ஒரு தொல்லை மட்டுமே.

வீல்பேஸ் கணக்கில் இன்னொரு வியப்பும் உண்டு. எஸ்யுவி என்றாலே இடம் தாராளம் என்று நம்புகிறோம். எக்ஸ்1 காரின் வீல்பேஸ் 2,692 மி.மீ., எக்ஸ்3 காருடையது 2,865 மி.மீ. இரண்டுமே 330எல்ஐயைவிடக் குறைவு. எக்ஸ்5கூட 2,975 மி.மீ.தான். காலை நீட்ட இடம் வேண்டும் என்பதற்காக மட்டும் எஸ்யுவிக்குப் போகாதீர்கள். குனியாமல் ஏறி இறங்கவும், வேகத்தடையில் அடி தட்டாமல் போகவும் என்றால் எஸ்யுவி நியாயமான தேர்வு. மூட்டுவலி உள்ள பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அந்த ஒரு காரணமே போதும்.

மூன்றாம் படி: எந்தச் சக்கரம் காரைச் செலுத்துகிறது?

பின்சக்கரங்களால் உந்தப்படும் கார் என்பதுதான் பிஎம்டபிள்யூவின் பழைய புகழ். ஸ்டீயரிங் துல்லியம், வளைவுகளில் வரும் சமநிலை எல்லாம் அங்கிருந்து வந்தவை. முத்திரை எல்லாக் கார்களிலும் ஒன்றுதான், எலும்புக்கூடு ஒன்றல்ல. எக்ஸ்1, அதன் மின்சார உடன்பிறப்பான ஐஎக்ஸ்1, 2 சீரிஸ் கிரான் கூபே மூன்றும் இங்கே முன்சக்கர உந்துதலோடு வருகின்றன. 330எல்ஐயும் 530எல்ஐயும் பின்சக்கரம். எக்ஸ்3 முதல் மேலே எல்லா எக்ஸ் கார்களும் நான்கு சக்கரம். 'எக்ஸ்டிரைவ்' என்ற பெயர் அதைத்தான் குறிக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், எம்2 என்ற கூபேயும் 2 சீரிஸ்தான். ஆனால் அது பின்சக்கரக் கார். ஒரே இலக்கம், அடியில் வேறு கார். எக்ஸ்1 மோசம் என்று சொல்லவில்லை. நகரத்துக்கு அது நல்ல குடும்பக் கார். ஆனால் எக்ஸ்1 பெட்ரோலில் இருப்பது மூன்று சிலிண்டர், 1.5 லிட்டர் எஞ்சின். 'பிஎம்டபிள்யூ ஓட்டும் சுகம்' என்று கேள்விப்பட்டு அதை நாடி வருகிறவர், அதே பட்ஜெட்டை இன்னும் கொஞ்சம் இழுத்து 3 சீரிஸுக்குப் போவதே மேல்.

நான்காம் படி: 'எம்' என்றால் எந்த எம்?

மூன்று விதம் உண்டு. 'எம் ஸ்போர்ட்' என்பது பெரும்பாலும் தோற்றம்: பம்பர், வீல், ஸ்டீயரிங். எஞ்சின் மாறாது. இன்று பல மாடல்கள் இந்த வேரியன்ட்டில் மட்டுமே கிடைப்பதால் அதைப் பெரிதாக எண்ண வேண்டியதில்லை. அடுத்தது எம்340ஐ போன்ற நடுவகை. நேர்வரிசை ஆறு சிலிண்டர், 3 லிட்டர் எஞ்சின், நான்கு சக்கர உந்துதல். நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தை 4.4 விநாடியில் தொடும் என்கிறது கம்பெனி. மூன்றாவது எம்2, எம்4, எம்5 என்ற அசல் எம் கார்கள். இவை முழுதாக இறக்குமதி ஆவதால் ஆன்-ரோடு விலை கோடியைத் தாண்டும். எம்340ஐ நம் ஆலையிலேயே உருவாகிறது. தானே ஓட்டி மகிழ நினைப்பவருக்கு இந்த வரிசையில் கொடுத்த காசுக்கு அதிகம் தருவது அதுதான் என்பது என் கட்சி.

ஐந்தாம் படி: பெட்ரோலா, டீசலா, மின்சாரமா?

மாதாமாதம் நெடுஞ்சாலையில் ஆயிரக்கணக்கில் கிலோமீட்டர் ஓடினால் டீசல். ஊருக்குள்ளேயே புழங்கி, வீட்டில் சார்ஜர் வைக்கவும் வசதி இருந்தால் மின்சாரம். செங்கல்பட்டில் தயாராகும் நீண்ட வீல்பேஸ் ஐஎக்ஸ்1 ஒரு சார்ஜில் 531 கி.மீ. போகும் என்று சான்று பெற்றிருக்கிறது. ஏசி போட்டு வேகமாக ஓட்டினால் அது கணிசமாகக் குறையும். பேட்டரி தரைக்கடியில் இருப்பதால் தரை சற்று உயர்ந்திருக்கும். பின்சீட்டில் தொடைக்குத் தாங்கல் போதுமா என்று உட்கார்ந்து பாருங்கள்.

ஆறாம் படி: ஆன்-ரோடு விலையில் ஒப்பிடுங்கள்

2025 செப்டம்பர் 22 முதல் இந்த வகை பெட்ரோல், டீசல் கார்களுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். மின்சாரக் கார்களுக்கு 5 சதவீதம். எக்ஸ்-ஷோரூம் விலையில் இது அடங்கிவிடும். அடங்காதது சாலை வரி. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட பெட்ரோல், டீசல் கார்களுக்கு 2023 நவம்பர் முதல் அது 20 சதவீதம். அறுபது லட்ச ரூபாய் காருக்கு 12 லட்சம்! இன்சூரன்ஸ் தனி. டயரையும் மறக்காதீர்கள். காற்று இறங்கினாலும் சுமார் 80 கி.மீ. ஓடக்கூடிய ரன்-ஃபிளாட் டயர் விலை அதிகம், குண்டு குழியில் சற்று விறைப்பாகவும் இருக்கும். நீங்கள் பார்க்கும் வேரியன்ட்டில் எந்த டயர், ஸ்டெப்னி உண்டா என்று டிக்கியைத் திறந்தே பாருங்கள்.

ஏழாம் படி: டெஸ்ட் டிரைவ்

ஷோரூமைச் சுற்றி ஒரு ரவுண்டு போதாது. உங்கள் வீட்டுத் தெருவுக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். நீங்கள் தினமும் தாண்டும் வேகத்தடையில் ஏற்றி, உங்கள் பார்க்கிங்கில் நிறுத்தி, கதவு முழுதாகத் திறக்கிறதா என்று பாருங்கள். 530எல்ஐ ஐந்து மீட்டரைத் தாண்டிய நீளம். நம் அடுக்குமாடிப் பார்க்கிங் பலவற்றில் வால் வெளியே நிற்கும். பாதி தூரம் நீங்கள் ஓட்டுங்கள், பாதி தூரம் பின்சீட்டில் இருங்கள்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன், உங்களுக்கு ஒதுக்கும் காரின் தயாரிப்பு மாதத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். போன வருடத்து வண்டி என்றால் தள்ளுபடி கேட்கத் தயங்காதீர்கள்.