கையா, கணக்கா?

கேள்வி: எம்.பி.பி.எஸ். முடித்த மகள் கண் மருத்துவம் படிக்கப்போகிறாள். கண்புரை அறுவையில் கைதேர்ந்தால் போதாதா, ஒளியியல் எதற்கு? (வாசகர், கோட்டாறு)

பதில்: புரையை எடுத்தபின் பொருத்தும் லென்ஸின் பவரைக் கையா முடிவுசெய்கிறது? கண்ணின் நீளத்தை 1 மில்லிமீட்டர் தப்பாக அளந்தால் பார்வை ஏறத்தாழ இரண்டரை டயாப்டர் பிசகும். அறுவை எத்தனை நேர்த்தியானாலும் நோயாளிக்குக் கண்ணாடிதான். கணக்கை இயந்திரம் போடுமே என்பீர்கள். போடும், சராசரிக் கண்ணுக்கு. கிட்டப்பார்வைக்காக லேசிக் செய்துகொண்டவரின் கருவிழி வளைவு மாறியிருப்பதால், பழைய சூத்திரங்கள் தேவைக்குக் குறைந்த பவரையே காட்டும். அந்த எண்ணைச் சந்தேகிக்க ஒளியியல் தெரிந்திருக்க வேண்டும். மதுரையில் 1976-இல் 11 படுக்கைகளோடு டாக்டர் வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, அறுவை எண்ணிக்கையால் பெயர்பெற்றது உண்மைதான். அங்கும் அளவெடுக்கத் தனிப் பயிற்சி பெற்றவர்கள் உண்டு. கை பழகப் பழக வரும். அடிப்படையை முதலாண்டில் விட்டால், பிறகு உட்கார்ந்து படிக்க ஓ.பி. நெரிசல் விடாது.