அலை படித்த பிள்ளைகள்

நுழையும்முன்

சொந்த ஊரைப் பற்றிப் பேசும்போது பெற்றோரின் குரல் சற்றே மாறுவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஊரை விட்டு வந்தவர் அனைவரிடமும் அந்தக் குரல் உண்டு. தாம் முன்பு பணியாற்றிய கடற்கரை ஊரையும், அங்கே அலைமேல் நின்ற பிள்ளைகளையும் ஆசிரியர் ஒருவர் நினைவுகூர்வதே இப்பாடம்.

பாடம்

மாணவர்களே, நான் இப்போது பணியாற்றும் ஊரிலிருந்து கடலைக் காண வேண்டுமெனில் ஓர் இரவு முழுவதும் இரயிலில் செல்ல வேண்டும். சென்ற கார்த்திகை மாதம், ஆறாம் வகுப்பில் நெய்தல் நிலத்தைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மாணவி ஒருத்தி எழுந்து, “ஐயா, அலை எங்கிருந்து புறப்படுகிறது?” என்று கேட்டாள். அவளுடைய பெற்றோர் தூத்துக்குடிப் பக்கத்தைச் சேர்ந்தவர்கள். அவளோ கடலை நேரில் கண்டதில்லை. நான் விடை கூற வாயெடுத்தேன். அப்போது, பல ஆண்டுகளுக்கு முன் எனக்கே அவ்விடையைக் கற்பித்த மாணவன் ஒருவன் நினைவுக்கு வந்தான்.

அவனுடைய ஊர் கோவளம். கேரளத்திலும் கன்னியாகுமரிக்கு அருகிலும் இதே பெயரில் ஊர்கள் உள்ளன. நான் கூறும் கோவளம், சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள மீனவர் ஊர். அங்கே நிலம் ஒரு முனையாகக் கடலுக்குள் நீண்டிருக்கிறது. அதனால் அலை ஒரே நேரத்தில் முழுவதுமாகச் சரிந்து விழாமல், ஒரு முனையில் உடையத் தொடங்கி மறுமுனை நோக்கி ஓடும். அலைச்சறுக்கு வீரர்கள் விரும்பித் தேடுவது இத்தகைய அலையைத்தான்.

மைய அரசுப் பள்ளியில் சேருமுன், அப்பகுதியில் உள்ள ஒரு பள்ளியில் நான் பணியாற்றினேன். கடைசி வரிசையில் ஒரு மாணவன் இருந்தான். முதல் பாடவேளையிலேயே அவன் கண்கள் செருகும். தலைமுடியில் உப்பு வெளுத்திருக்கும். தமிழ்த் தேர்வில், ‘நாற்றிசைக் காற்றுகளின் பெயர்களை எழுதுக’ என்னும் வினாவுக்கு விடை எழுதாமல் வெற்றிடம் விட்டிருந்தான். நான் சினங்கொண்டு, “நாள் முழுவதும் கடலையே பார்த்துக்கொண்டிருந்தால் சோறு கிடைக்குமா?” என்று கேட்டேன்.

அவன் தலைகுனிந்தபடியே, “எங்கள் வீட்டில் கடலைப் பார்த்தால்தான் சோறு, ஐயா” என்றான்.

வகுப்பு சிரித்தது, பிறகு அமைதியானது. அன்று பள்ளி விட்டதும் அவனே என்னிடம் வந்து, “சனிக்கிழமை விடியற்காலையில் கரைக்கு வந்து பாருங்கள், ஐயா” என்று அழைத்தான்.

கடற்கரையில் ஒரு வகுப்பு

நான் சென்றபோது கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருந்தது. இரவில் கடலுக்குச் சென்ற படகுகள் கரையேறிக்கொண்டிருந்தன. வலைகளுக்கு அப்பால் ஏழெட்டுச் சிறுவர்கள் கூடியிருந்தார்கள். அவர்களிடம் இருந்தவை மூன்றே பலகைகள். அவற்றுள் ஒன்றின் முனை உடைந்து ஒட்டப்பட்டிருந்தது. கால் வழுக்காமலிருக்கப் பலகையின் மேல் மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தான் ஒருவன். மற்றொருவன் பலகையோடு பிணைத்த கயிற்றைத் தன் கணுக்காலில் கட்டிக்கொண்டிருந்தான்.

என் மாணவனோ நீரில் இறங்காமல், பத்து நிமிடம் கடலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“ஏன் நிற்கிறாய்?” என்றேன்.

“படிக்கிறேன், ஐயா” என்றான். பிறகு கையை நீட்டி எனக்கு விளக்கினான். “அலை கூட்டமாகத்தான் வரும். ஒரு கூட்டம் வந்து போனால் சிறிது ஓய்வு உண்டு. அந்த ஓய்வில் உள்ளே போய்விட வேண்டும். அதோ, நுரை இல்லாமல் கறுப்பாகத் தெரிகிறதே, அங்கே நீர் கடலுக்குத் திரும்பி இழுக்கிறது. நீந்தத் தெரியாதவர் அங்கே இறங்கக் கூடாது. இப்போது கரைக்காற்று வீசுகிறது. அதனால் அலையின் முகம் வழவழப்பாக நிற்கிறது. வெயில் ஏறினால் கொண்டல் எழும். கொண்டல் எழுந்தால் எல்லாம் கலைந்துவிடும். வாடைக் காலத்தில் கடல் இன்னும் முரடாக இருக்கும்.”

நான் திகைத்து நின்றேன். “கொண்டல், வாடை எல்லாம் உனக்குத் தெரிந்திருக்கிறதே! தேர்வில் ஏன் எழுதவில்லை?” என்று கேட்டேன்.

“தேர்வில் கேட்டது இதைத்தான் என்று எனக்குத் தெரியவில்லை, ஐயா” என்றான் அவன்.

கொண்டலும் வாடையும் எனக்கு நூலில் படித்த சொற்கள். அவனுக்கு அவை, இன்று படகு இறங்கலாமா என்று தந்தை முடிவு செய்யும் சொற்கள். நான் அவனுக்குச் சுழியம் இட்டிருந்தேன்.

“அலை எங்கிருந்து வருகிறது?” என்றும் அவனைக் கேட்டேன். “இது இங்கே பிறந்த அலை இல்லை, ஐயா. தெற்கே எங்கேயோ அடித்த காற்று அனுப்பியது” என்றான். அறிவியலும் அதையே கூறுகிறது. தொலைவில் வீசும் பெருங்காற்று கடற்பரப்பைத் தள்ளி அலைகளை எழுப்புகிறது. அவை பல நாள்கள், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்கின்றன. அவ்வாறு பயணம் செய்வது ஆற்றலே. நீர் பெரும்பாலும் தன் இடத்திலேயே சுழல்கிறது. கரையருகே ஆழம் குறையும்போது அலையின் வேகம் குறைந்து, அதன் உயரம் கூடுகிறது. முகடு அடிப்பகுதியை முந்தும்போது அலை கவிழ்ந்து உடைகிறது.

உடைவதற்கு முந்தைய அந்த நொடிக்காகவே அவன் காத்திருந்தான். பலகையில் குப்புறப் படுத்து, இரு கைகளாலும் நீரை வலித்து, அலையின் வேகத்தோடு தன் வேகத்தைச் சேர்த்தான். அலை அவனைத் தூக்கியதும் ஒரே துள்ளலில் எழுந்து நின்றான். நேரே கரைக்கு வராமல், உடையும் நுரைக்குச் சற்று முன்னே பக்கவாட்டில் விரைந்தான். வகுப்பில் கூனியே அமர்ந்திருப்பவன் அங்கே நிமிர்ந்து நின்றான். அலை ஓய்ந்ததும் கடலுக்குள் திரும்பி, அடுத்த அலையை நண்பனுக்கு விட்டுக்கொடுத்தான். ஓர் அலையில் ஒருவரே செல்ல வேண்டும் என்பது அவர்களுடைய சட்டம்.

ஊர் வளர்த்த விளையாட்டு

கடலோரப் பிள்ளைகளுக்கு மரப்பலகையில் அலையேறி விளையாடுவது புதிதன்று. முறையான அலைச்சறுக்கைக் கோவளத்தில் வளர்த்தவர்களுள் முதன்மையானவர் மூர்த்தி மேகவன் என்னும் மீனவர். வெளிநாட்டவர் ஒருவர் அலைமேல் செல்வதைக் கண்ட அவர், அப்பலகையைக் கேட்டு வாங்கித் தாமும் ஏறிப் பார்த்தார். பின்னர் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கற்பித்தார். 2012ஆம் ஆண்டு அருண் வாசு, யோதம் அகம் ஆகியோரின் துணையுடன் அங்கே அலைச்சறுக்குப் பள்ளி உருவானது. புகையும் மதுவும் கூடாது என்பது அவர் பிள்ளைகளுக்கு இட்ட கட்டுப்பாடு. 2013இல் அலைச்சறுக்குத் திருவிழாவும் தொடங்கியது.

கோவளத்தைச் சேர்ந்த சேகர் பச்சை, பலகையில் நின்றபடி துடுப்பு வலிக்கும் போட்டிகளில் தேசிய அளவில் வென்றார். கட்டுமரத்தில் துடுப்பு வலித்த ஊருக்கு அவ்விளையாட்டு அயலானதாக இருந்திருக்காது. அருகிலுள்ள மாமல்லபுரத்திலிருந்து கமலி மூர்த்தி என்னும் பெண் அலைச்சறுக்கில் பெயர் பெற்றார்.

ஆயினும் எல்லாப் பெற்றோரும் இதை எளிதில் ஏற்கவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலையை அவர்கள் மறக்கவில்லை. “பிழைப்புக்காகக் கடலுக்குப் போகிறோம், அதனோடு விளையாடலாமா?” என்று என் மாணவனின் தாய் என்னிடம் கேட்டார். அக்கேள்வியில் நியாயம் இருந்தது. ஆனால், கடலைக் கண்டு அஞ்சி ஒதுங்கிய சிறுவர் சிலர் பலகையின் வழியாக மீண்டும் நீரில் இறங்கியதையும் நான் கண்டேன்.

மறுதேர்வு

பிறகு எனக்கு வடக்கே பணி கிடைத்தது. ஒரு கோடை விடுமுறையில் மீண்டும் கோவளம் சென்றேன். கரையில் மகிழுந்துகள் வரிசையாக நின்றன. நகரத்திலிருந்து வந்தவர்கள் வண்ணப் பலகைகளோடு பயிற்சிக்குக் காத்திருந்தார்கள். மூன்று பலகைகளை ஏழெட்டுப் பேர் மாற்றி மாற்றிப் பயன்படுத்திய அந்த விடியற்காலை அங்கே இல்லை. அன்றைய சிறுவர்களுள் சிலர் பயிற்சியாளராகியிருந்தார்கள். சிலர் வேலை தேடி வெளியூர் சென்றிருந்தார்கள்.

என் மாணவன் தந்தையின் படகில் தொழில் செய்கிறான். கடலுக்குச் செல்லாத நாள்களில் சிறுவர்களுக்கு அலைச்சறுக்குக் கற்பிக்கிறான். அவன் ஒரே ஒரு போட்டியில்தான் கலந்துகொண்டானாம். மீன் கிடைக்கும் பருவத்தில் போட்டி வந்தால் படகுதான் முதலில் என்றான். நான் கண்டவர்களுள் அவனே சிறந்தவன் என்பது என் எண்ணம். எந்தப் பரிசுப் பட்டியலிலும் அவன் பெயர் இல்லை. 2025ஆம் ஆண்டு மாமல்லபுரத்தில் நடைபெற்ற ஆசிய அலைச்சறுக்குப் போட்டியில் இந்திய வீரர் ரமேஷ் புதிஹால் வெண்கலப் பதக்கம் வென்றார். அச்செய்தியைத் தொலைபேசியில் எனக்கு முதலில் கூறியவன் அவனே. தானே வென்றதுபோல் அவன் குரல் உயர்ந்தது.

அந்த விடுமுறையில் அவன் என்னையும் பலகையில் ஏற்றினான். நான் ஐந்து முறை விழுந்தேன், உப்புநீர் குடித்தேன். அவன் என்னைத் தூக்கி நிறுத்தி, “கவலைப்படாதீர்கள், ஐயா! மறுதேர்வு உண்டு” என்றான்.

இவையெல்லாம் நினைவுக்கு வந்ததால், வகுப்பில் அம்மாணவியின் வினாவுக்கு நான் விடை கூறவில்லை. தலைமையாசிரியரின் இசைவோடு மறுநாள் அவனைத் தொலைபேசியில் அழைத்து, ஒலிபெருக்கியை இயக்கினேன். அவன் அலை பிறக்கும் விதத்தைப் பொறுமையாகக் கூறினான். பிறகு தொலைபேசியைக் கடலை நோக்கிப் பிடித்தான். ஆறாம் வகுப்பு மூச்சடக்கிக் கேட்டது.

“இன்று என்ன காற்று, அண்ணா?” என்று கேட்டாள் அவள்.

“வாடை எழுந்துவிட்டது, கண்ணு. இன்று படகு இறங்காது” என்றான் அவன்.

அவள் தன் குறிப்பேட்டைத் திறந்து, ‘வாடை’ என்று எழுதிக்கொண்டாள்.

அருஞ்சொற்பொருள்

நெய்தல் – கடலும் கடல் சார்ந்த நிலமும்
முகடு – உச்சி
வலித்தல் – துடுப்பால் அல்லது கையால் நீரைப் பின்னே தள்ளுதல்
ஆழிப்பேரலை – கடலடி நிலநடுக்கம் முதலியவற்றால் எழும் பேரலை
சுழியம் – பூச்சியம்
இசைவு – ஒப்புதல்

தெரிந்து தெளிவோம்

1. வடக்கிலிருந்து வீசுவது வாடை. தெற்கிலிருந்து வீசுவது தென்றல். கிழக்கிலிருந்து வீசுவது கொண்டல். மேற்கிலிருந்து வீசுவது கோடை.

2. அலைச்சறுக்கின் பழந்தாயகங்களுள் ஒன்று ஹவாய்த் தீவுகள். அம்மொழியில் இதன் பெயர் ‘ஹெஎ நலு’. ‘ஹெஎ’ என்றால் சறுக்குதல். ‘நலு’ என்றால் அலை. நம் ‘அலைச்சறுக்கு’ என்னும் சொல்லும் அதே பொருளைத் தருகிறது.

3. ஹவாயைச் சேர்ந்த டியூக் கஹனமோகு 1912ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் நீச்சலில் தங்கம் வென்றவர். அலைச்சறுக்கும் ஒலிம்பிக்கில் இடம்பெற வேண்டும் என விரும்பினார். அவர் மறைந்து அரை நூற்றாண்டுக்குப் பின், 2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் அது முதன்முறையாக இடம்பெற்றது.

மதிப்பீடு

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. கோவளத்து அலை, சறுக்குவதற்கு ஏற்றதாக இருப்பது ஏன்?
2. மாணவன் நீரில் இறங்குமுன் கடலில் எவற்றையெல்லாம் ‘படித்தான்’?
3. கரையருகே அலை உடைவது எவ்வாறு?

ஆ. சிந்தித்து விடை எழுதுக.
1. “தேர்வில் கேட்டது இதைத்தான் என்று எனக்குத் தெரியவில்லை” – இக்கூற்றால் ஆசிரியர் அறிந்துகொண்டது யாது?
2. தாயின் கேள்வியில் நியாயம் இருந்தது என ஆசிரியர் கூறுகிறார். நீங்கள் அதை ஏற்கிறீர்களா? காரணம் தருக.

இ. பிரித்து எழுதுக.
கடற்கரை, பேரலை, நாற்றிசை, அலைச்சறுக்கு

ஈ. ‘கட்டுமரம்’ என்பது வினைத்தொகை. கட்டிய மரம், கட்டுகின்ற மரம், கட்டும் மரம் என முக்காலத்துக்கும் அது பொருந்தும். இதுபோல் ‘சுடுசோறு’, ‘ஊறுகாய்’ ஆகியவற்றை விரித்து எழுதுக.

செயல்பாடு

உங்கள் பெற்றோர் அல்லது தாத்தா பாட்டியிடம், அவர்களுடைய ஊரில் மழை, காற்று, மண், தொழில் ஆகியவற்றைக் குறிக்க வழங்கும் சொற்களைக் கேளுங்கள். அவர்கள் கூறியவாறே ஐந்து சொற்களை எழுதி, ஒவ்வொன்றையும் யார், எப்போது பயன்படுத்தினர் என்பதையும் குறித்து வகுப்பில் படித்துக் காட்டுக.